மாதோட்டக் கரையும் மருத்துவம் நாடும் மாணாக்கரும்

வைத்தியம், தாதியம், சுகாதாரப் பரிசோதனை முதலிய தொழில்களைப் பிற்காலத்தில் மேற்கொள்ளக் கருதும் இளைஞர், கல்லூரி வாயிலை மிதிப்பதற்கு முன்னரே தமக்குள் ஒரு சங்கமாகக் கூடிப் பயில்வதும் பணி செய்வதும் எவ்வளவு தூரம் பிரயோஜனமுடையன என்று ஆராயப் புகுவோர், பெரும்பாலும் மேனாட்டு ஸ்தாபனங்களையே முதற்கண் நாடுவர். எடின்பரோ நகரில் மருத்துவ மாணாக்கர் தாமே கூடி 1737ஆம் ஆண்டில் நிறுவி, 1778இல் அரச பட்டயமும் பெற்ற மருத்துவ சங்கமும், 1951இல் கோபன்ஹேகனில் உருவான மருத்துவ மாணாக்கரின் சர்வதேச சம்மேளனமும், சுகாதாரத் தொழில்களை விரும்பும் பாடசாலைப் பிள்ளைகளுக்கென 1976இல் ஐக்கிய அமெரிக்காவில் எழுந்து ‘ஹோசா’ என்று வழங்கும் அமைப்பும் அவ்வகையில் மதிக்கத்தக்கனவே. ஆயினும் அவற்றைப் பெயரளவிற் குறித்துக்கொண்டு, இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள திருக்கேதீஸ்வரத்தையும் அதனைச் சூழ்ந்த மன்னார்ப் பிரதேசத்தையும் இக்கட்டுரை தன் களமாகக் கொள்கின்றது. வியாதியின் சரித்திரமும் வைத்தியக் கல்வியின் சரித்திரமும் இவ்வளவு நெருங்கிப் பின்னிக்கிடக்கும் பிரதேசம் ஈழத்தில் வேறொன்றில்லை என்பது என் துணிபு.

திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய இத்தலம், பாலாவித் தீர்த்தக் கரையிலே, மாதோட்டம் என்னும் பழந்துறையை ஒட்டி அமைந்தது. பாரசீக வளைகுடாவிலிருந்தும் கீழ்க்கடல் நாடுகளிலிருந்தும் கப்பல்கள் வந்து தங்கிய அத்துறை காலப்போக்கில் மண்மூடிப்போக, ஆலயமும் போர்த்துக்கேயர் காலத்தில் தரைமட்டமாக, தலம் இருந்த இடமே காடாகிக் கிடந்தது. 1872இல் ஆறுமுக நாவலர் சைவ மக்களுக்கு விடுத்த வேண்டுகோளும், 1948இல் அமைந்த திருப்பணிச் சபையின் உழைப்பும், அச்சபையை முன்னின்று நடத்திய சேர் கந்தையா வைத்தியநாதன் அவர்களின் சிரத்தையும், 1976இல் நிறைவேறிய கும்பாபிஷேகமும், பின்னர் யுத்தகாலத்தில் நேர்ந்த அழிவும், 2022இல் மீண்டும் நடந்த குடமுழுக்கும் சைவ உலகம் நன்கறிந்தவை. அவற்றை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. நம் விஷயத்துக்கு வேண்டியது இம்மண்ணின் மற்றொரு சரித்திரம். துறைமுகம் இருக்குமிடத்தில் மனிதர் கூடுவர். மனிதர் கூடுமிடத்தில் வியாதியும் கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து தோணியேறி வந்த ஏழைக் குடியானவர், மன்னார்க் கரையில் இறங்கி, நீரும் நிழலும் அரிதான வன்னிக் காட்டு வழியே மாத்தளையை நோக்கி நடந்தனர். அவ்வழியில் பேதியாலும் பசியாலும் அம்மையாலும் மாண்டோர் ஆயிரக்கணக்கினர். வீழ்ந்தவன் வாயில் ஒரு மிடறு சுத்தமான நீர் வார்க்கவும் ஆளில்லாத அந்த நெடும்பாதையின் தலைவாசல் இம்மன்னார்க் கரையே என்பதை, இக்கரையிற் பிறந்து வைத்தியப் பணியை நாடும் ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

வழிப்போக்கர் நிலை அதுவாக, வன்னிக் குடிகளின் நிலை அதனினும் இரங்கத்தக்கதாயிருந்தது. குளங்கள் உடைந்து கிராமங்கள் பாழாகி, முறைக்காய்ச்சலும் பறங்கிப்புண்ணும் எஞ்சியோரை வாட்ட, ஊர்கள் ஒவ்வொன்றாக ஆளற்றுப்போயின. இக்குடித்தேய்வின் காரணத்தை ஆராயும்படி அரசாங்கம் வட மாகாணத்து அரச வைத்தியரான ஜேம்ஸ் லூஸ் என்பவரை நியமித்தது. அவர் ஊரூராகச் சென்று கண்டவற்றை எழுதிச் சமர்ப்பித்தபோது, இந்நோய்களைத் தீர்க்க நாட்டவரிலிருந்தே வைத்தியர்களைப் பயிற்றுவதல்லாமல் வேறு வழியில்லை என்று வற்புறுத்தினார். அதன் பயனாக 1870ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதி கொழும்பில் வைத்தியப் பாடசாலை திறக்கப்பட்டது. பின்னாளில் இலங்கை மருத்துவக் கல்லூரி எனப் புகழ்பெற்றதும் அதுவே. முதல் அதிபர் பதவியும் லூஸ் அவர்களையே சார்ந்தது. இத்தீவின் உயர்தர வைத்தியக் கல்வி முழுவதும் வன்னியின் துயரத்தை விதையாகக் கொண்டு முளைத்தது என்று சொல்வதில் மிகை சிறிதுமில்லை. மரம் கொழும்பில் வளர்ந்தது. விதை கொடுத்த நிலத்துக்கு அதன் நிழல் எட்ட நெடுங்காலம் சென்றது. மன்னார் மாவட்டத்து வைத்தியசாலைகளில் வைத்தியரும் தாதியரும் போதாமை இன்றும் ஓயாத முறைப்பாடாகவே இருந்து வருகின்றது.

இக்குறைக்கு மருந்து எதுவென்று ஆராய்ந்தவர் ஒருவர் லூஸ் அவர்களுக்கும் முன்னரே வடபுலத்தில் இருந்தார். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஊஸ்ரர் நகரைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயில் தங்கி வைத்தியமும் வைத்தியக் கல்வியும் நடத்தியவர். இடையில் சில ஆண்டுகள் தாய்நாடு சென்று 1862இல் மீண்டு, 1873 வரை அப்பணியிலேயே ஈடுபட்டிருந்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர். கிறீன் அவர்களைப் பற்றிப் பேசுவோர் அவருடைய மொழிபெயர்ப்பு நூல்களையே பெரிதும் எடுத்துரைப்பர். 1857இல் வெளிவந்த பிரசவ வைத்தியம், 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தம், 1883இல் மனுஷ சுகரணம் என்றவாறு வெளிவந்த அந்நூல்வரிசை, தமிழால் எவ்விஞ்ஞானத்தையும் சொல்லவியலும் என்பதற்கு அழியாச் சான்று என்பதில் ஐயமில்லை. எனினும் அந்நூல்களின் பின்னே இருந்த மாணாக்கர் கூட்டத்தைப் பற்றி நம்மவர் எழுதியது மிகக் குறைவு; என் ஆய்வு நாடுவதோ அக்கூட்டத்தையே.

அவர்கள் ஒரு வகுப்பாக மாத்திரம் இருந்தவரல்லர். மானிப்பாய் மருந்துச்சாலையில் காலையில் வந்து குவியும் நோயாளரை வரிசைப்படுத்துவதும், புண்ணைக் கழுவிக் கட்டுவதும், மருந்து அரைத்து நிறுத்துக் கொடுப்பதும், ஆசிரியருடன் வீடுகளுக்குச் சென்று நோயாளியின் படுக்கையருகே நின்று பார்ப்பதும் பாடத்தோடு பாடமாக அவர்கள் கைக்கொண்ட கடமைகள். சப்மன், டன்வதர் முதலிய மாணாக்கர் தாம் கற்றதை ஆசிரியரோடு அமர்ந்து தமிழாக்கும் பணியிலும் உடனுழைத்தனர். 1866, 1867ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் பேதிநோய் பரவி வீடுதோறும் ஓலமெழுந்த காலத்திலே, கிறீன் அவர்களோடு ஊர்களிற் சென்று மருந்து வழங்கியோர் அவரிடம் பயின்ற தமிழ் வைத்தியரேயாவர். இவ்வாறு கற்றலும் தொண்டும் ஒரே நாளின் இரு வேளைகளாக நிகழ்ந்த அமைப்பையே மாணாக்கர் சங்கத்தின் உயர்ந்த மாதிரியாக நான் கொள்கின்றேன். விதிகளும் நிர்வாக சபையும் எழுதி வைத்திராத குறை அதனைச் சங்கமல்லாததாக ஆக்கிவிடாது.

அவர் 1864 முதல் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் துணிந்ததற்குக் காரணம் பாஷாபிமானம் மட்டுமன்று. ஆங்கிலத்திற் பயின்ற மாணாக்கன் பயிற்சி முடிந்ததும் அரசாங்க உத்தியோகம் நாடித் தூரதேசம் போய்விடுகின்றான். தமிழிற் பயின்றவனோ தன் கிராமத்திலேயே தங்கித் தன் ஜனங்களுக்கு வைத்தியம் செய்கின்றான். இவ்வுண்மையை அவர் கண்ணாரக் கண்டிருந்தார். தம் மாணாக்கர் உடையிலும் நடையிலும் ஊராரினின்றும் அந்நியராய்ப் போவதையும் அவர் விரும்பவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அந்நிய நாட்டவர் சிந்தித்த அளவுக்கு, ‘பயின்றவன் எங்கே தங்குவான்’ என்னும் வினாவை நம் கல்வியதிகாரிகள் பிற்காலத்திற் சிந்திக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். அவர் மானிப்பாயில் விட்டுச்சென்ற பணி கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையாக நிலைத்தது. அவர் தொடங்கிய தமிழ்வழி வைத்தியக் கல்வியோ அவர் போனபின் தளர்ந்து மறைந்தது.

வடபுலத்துக்கென ஒரு மருத்துவபீடம் வாய்க்க 1978 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் கைதடியில் ஆயுள்வேத வைத்தியசாலைக் கட்டடத்தில் தொடங்கி, சில ஆண்டுகளில் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது. அதன் முதல் மாணாக்கர் பட்டம் பெற்று வெளிவருவதற்குள்ளேயே நாடு யுத்தத்துள் மூழ்கியது. உடற்கூற்றியல் பகுதித் தலைவராயிருந்த ரஜனி திரணகம 1989ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆந் திகதி கொலையுண்டார். 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரமே ஒரே இரவில் பெயர்ந்தது. மின்சாரமும் மருந்தும் நூலும் அருகிய அவ்வாண்டுகளிலும் அப்பீடம் மூடிக்கிடக்காமல் வைத்தியரை உருவாக்கி அனுப்பியதும், அதன் ஆசிரியரும் மாணாக்கரும் தளராது நின்றதும் தமிழர் கல்விச் சரித்திரத்தில் பொன்னெழுத்தாற் பொறிக்கத்தக்கவை.

இனி இன்றைய நிலையை நோக்குவோம். மருத்துவபீட மாணாக்கர் ஒன்றியங்களும், ஒவ்வொரு மாவட்டத்துப் பல்கலைக்கழக மாணாக்கரும் தத்தம் ஊர்ப்பற்றினாற் கூடி அமைத்துக்கொள்ளும் சங்கங்களும், பாடசாலைப் பிள்ளைகளுக்குச் செய்யும் பெரும் உபகாரம் ஒன்றுண்டு: உயர்தர வகுப்பில் உயிரியற் பிரிவைக் கற்போருக்குக் கருத்தரங்குகள் நடத்துதலும், முன்னோடிப் பரீட்சைகள் வைத்து வினாத்தாள் திருத்திக் கொடுத்தலும் அது. மூத்தோர் இளையோருக்குக் கைகொடுக்கும் இவ்வழக்கம் வடக்கிலும் கிழக்கிலும் வேரூன்றிய நல்வழக்கம். ரியூசனுக்குப் பணம் கட்ட வகையற்ற எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளை அது கரையேற்றியிருக்கின்றது. பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், எஞ்சிய 5 இடம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்டுள்ளது. அப்பின்தங்கிய மாவட்டங்களின் வரிசையில் மன்னாரும் இருப்பது, நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பு என்பதோடு நம் பாடசாலைகளின் குறைக்கு அரசாங்கமே எழுதித் தந்த சாட்சியுமாகும். ஆதலின் பரீட்சைக்கு உதவும் பணியைக் குறைத்துப் பேச நான் ஒருப்படேன்.

ஆயினும் பரீட்சையோடு நின்றுவிடும் சங்கம் பாதிச் சங்கமே. உயர்தரப் பரீட்சையில் உயிரியற் பிரிவில் அமரும் மாணாக்கருள் மருத்துவபீடத்துக்குச் செல்வோர் மிகச் சிலர். எஞ்சியோர் பெரும்பாலார், ‘டொக்டர்’ ஆகவில்லையே என்னும் மனக்குறையோடு, தாம் விரும்பாத வேறேதோ வழியிற் சென்று விடுகின்றனர். அவர்களுக்கு வேறு வாயில்கள் இருந்தமையை எடுத்துச் சொல்வார் எவருமிலர். இலங்கையின் சுகாதாரப் பெருமை பெரும்பாலும் வைத்தியரல்லாதோர் தோளில் நிற்கின்றது என்பதை நம் பெற்றோர் அறியார். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டது முதல், வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பதிந்து, பிரசவம் பார்த்து, சிசுவை நிறுத்துப் பார்த்த மருத்துவமாதரின் உழைப்பே, 1930களில் ஓரிலட்சம் பிறப்புக்கு 2,000 அளவிலிருந்த தாய்மார் மரணத்தை இன்று நாற்பதுக்குக் கீழே இறக்கிய காரணங்களில் தலையாயது. குடும்பநல உத்தியோகத்தர் எனப்படும் இம்மருத்துவமாதர் பெறும் பயிற்சி பதினெட்டு மாதமே. அதன் பலனோ ஒரு தலைமுறையின் உயிர். தாதியர் கல்லூரியும், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழினுட்பர், இயன்மருத்துவர் முதலியோருக்கான பயிற்சியும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தொழிலும் இவ்வாறே. ஒரு கிராமத்துப் பெண்பிள்ளை தன் பதினைந்தாம் வயதிலேயே ஒரு மருத்துவமாதோடு ஒரு நாள் நடந்து, அவர் கைப்பையில் என்னென்ன இருக்கின்றன, எந்த வீட்டு வாசலில் எதைக் கேட்கின்றார், எந்த விடையைக் கேட்டதும் முகம் மாறி உடனே வைத்தியசாலைக்குப் போகச் சொல்கின்றார் என்பவற்றைக் கண்ணாற் கண்டிருந்தால், அத்தொழிலைத் தோற்றவரின் புகலிடமாக ஒருநாளும் எண்ணமாட்டாள்.

பாடசாலைகளிற் சுகாதாரக் கழகங்கள் பெயரளவிலேனும் இருக்கின்றன. சென் ஜோன் அம்புலன்ஸ் முதலுதவிப் படை இத்தீவில் 1906 முதல் இயங்கி வருகின்றது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளை இங்கே 1936இல் உருவாகியது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிரைக் கொள்ளைகொண்ட மலேரியாக் கொடுமையின் அடிச்சுவட்டிலேயே அது பிறந்தது. அக்கொள்ளைநோய்க் காலத்திற் சூரியமல் இயக்கத்து இளைஞர் கிராமம் கிராமமாகச் சென்று கொயினாவும் உணவும் வழங்கிய வரலாறு, இளைஞர் கூட்டம் வைத்தியப் பட்டமின்றியே எவ்வளவு செய்யவியலும் என்பதற்குத் தக்க உதாரணம். இவ்வமைப்புக்களையெல்லாம் மன்னார்ப் பிரதேசத்தில் ஒரு நூலிற் கோக்கத்தக்க இடமும் காலமும் எவை என்று வினவின், திருக்கேதீஸ்வரத்து மகா சிவராத்திரியே என்பேன்.

அன்று அடியார்கள் பாலாவியில் நீராடி, அத்தீர்த்தத்தையே குடங்களில் முகந்து சென்று, மகாலிங்கப் பெருமானுக்குத் தம் கைகளாலேயே அபிஷேகம் செய்வர். யாழ்ப்பாணம், வவுனியா, மலையகம், கொழும்பு எனப் பல திசையினின்றும் வந்து குழுமும் ஜனங்களுள் முதியோரும் நோயாளரும் விரதத்தால் வாடியோரும் அநேகர். மாசி மாதத்துப் பகல்வெயிலில் வரிசையில் நின்று, இரவு முழுவதும் கண்விழித்து, நீரும் அருந்தாதிருக்கும் ஒருவருக்கு மயக்கம் வருதல் இயல்பு. முதலுதவிக் கூடாரத்துக்கு அவ்வாறு தாங்கிக் கொணரப்படும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்ப்போம். அவரைக் கிடத்திக் கால்களைச் சற்றே உயர்த்தி, சூழ்ந்து நிற்போரை விலக்கிக் காற்று வரச் செய்தல் எவரும் அறிந்த முறை. பயிற்சி பெற்ற மாணவி அதற்கு மேலும் நோக்குவாள்: தோல் வியர்த்துக் குளிர்ந்திருக்கின்றதா, பேச்சுக் குழறுகின்றதா, கை நடுங்குகின்றதா என்று பார்த்து, ‘அம்மா, உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கா? காலைமை குளிசை போட்டீங்களோ?’ என்று மெல்லக் கேட்பாள். குளிசையை விழுங்கிவிட்டு உணவை விட்டிருந்தால் இரத்தத்திற் சீனி இறங்கியிருக்கும். நினைவு தெளிவாக இருக்கும்போதே சீனி கரைத்த நீரைச் சிறிது சிறிதாகப் பருக்குதல் உயிர்காக்கும் செயல். வெறும் நீரிழப்பாயின் ஜீவனி கரைத்துக் கொடுத்தாற் போதும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் வார்த்தலாகாது. அது மூச்சுக் குழலுட் புகுந்து கொல்லும். ஒருபுறமாகச் சரித்துக் கிடத்தி, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரும்வரை மூச்சை நோக்கிக்கொண்டு இருத்தலே கடமை. இவ்வளவையும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை சில நாட் பயிற்சியிற் கற்றுக்கொள்ளலாம். எதைச் செய்வது என்பதோடு எதைச் செய்யாதிருப்பது என்பதையும் அவள் அங்கே கற்கின்றாள். வைத்திய சாஸ்திரத்தில் அதனினும் பெரிய முதற்பாடம் இல்லை.

அவ்வாறே பாம்புக்கடி. உவர்நிலமும் பற்றைக்காடும் நிறைந்த இக்கரையிற் சுருட்டை விரியன் மிகுதி. கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டுதல், கீறி இரத்தம் வடித்தல், வாயால் உறிஞ்சுதல் முதலிய பழைய முறைகள் யாவும் தீங்கே விளைக்கும். கடியுண்ட அங்கத்தை அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தாங்கிக்கொண்டு, விஷமுறி மருந்துள்ள வைத்தியசாலைக்கு விரைந்து கொண்டுசெல்வதே முறை. சங்கத்துப் பிள்ளைகள் இதனை வீட்டிலும் வயலிலும் சொல்லத் தொடங்கினால் கட்டுக்கரைக்குளத்து நெல்வயல்களில் வேலை செய்யும் எத்தனையோ குடும்பத்தலைவர்களின் காலும் கையும் உயிரும் தப்பும்.

திருவிழாத் தொண்டு ஆண்டில் ஓரிரு நாளுக்குரியது. ஆடியிலும் ஆவணியிலும் மடுமாதா கோயிலுக்கு வரும் பெருங்கூட்டத்தையும் சேர்த்தாற் சில நாட்கள். சங்கம் உயிரோடிருக்க ஆண்டு முழுதும் செய்யத்தக்க பணி ஒன்று வேண்டும். அப்பணியை மன்னாரின் கிணறுகளே நமக்கு வைத்திருக்கின்றன. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேர் மாத்திரமே மலேரியாவாற் பீடிக்கப்பட்டனர் என்னும் நிலையை எய்திய இலங்கை, வென்றுவிட்டோம் என்று காவலைத் தளர்த்தியதன் விளைவாக, 1969க்குள் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் அந்நோயாற் பீடிக்கப்படுவதைக் காண நேர்ந்தது. அரை நூற்றாண்டு முயற்சிக்குப் பின், இங்கேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரிற் பதிவாகி, 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. அவ்வறிவிப்புக்கு மூன்று மாதங்களுள், அவ்வாண்டு டிசெம்பரில், இத்தீவில் அதற்குமுன் காணப்படாத ‘அனோபிலிஸ் ஸ்ரெபென்சி’ என்னும் நுளம்பு மன்னாரிலே கண்டுபிடிக்கப்பட்டது. சென்னை முதலிய இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அதுவே. நம் பழைய மலேரியா நுளம்பு ஆற்றுக் குட்டைகளிற் பெருகுவது. இப்புதியதோ வீட்டுக் கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் தெளிந்த நீரிற் பெருகுவது. அரசாங்கத்தின் மலேரியாத் தடை இயக்கம் கிணறுகளில் குடம்பி தின்னும் சிறு மீன்களை விடுதல், பாழ்ங்கிணறுகளை மூடுதல் முதலிய பணிகளைச் செய்து வருகின்றது. ஆயினும் ஒவ்வொரு வளவிலும் கிணறுள்ள பிரதேசத்தில் உத்தியோகத்தர் சிலர் எத்தனை கிணற்றை எட்டிப் பார்க்க இயலும்?

மாணாக்கர் பார்க்கலாம். வாளியில் மொண்ட நீரை வெள்ளைத் தட்டொன்றில் ஊற்றி, அசைவு அடங்கும் வரை காத்திருந்து, குனிந்து நோக்கினால், நீரின் மேற்பரப்புக்கு இணையாகக் கிடையாகப் படுத்து மிதக்கும் குடம்பி அனோபிலிஸ் இனத்தது. வாலிலுள்ள சுவாசக் குழலை மேற்பரப்பில் ஊன்றித் தலைகீழாகச் சரிந்து தொங்குவது டெங்கு நுளம்பின் இனத்ததோ வீட்டு நுளம்பின் இனத்ததோ ஆகும். இவ்வேறுபாட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் ஒரு பிற்பகலில் அறிந்துகொள்வான். கிடையாக மிதக்கும் குடம்பி கண்ட கிணற்றின் இடத்தையும் திகதியையும் ஒரு கொப்பியிற் குறித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அன்றே ஒப்படைத்தால், இனத்தைத் திட்டமாக நிர்ணயிப்பதை அவர்தம் ஆய்வுகூடம் செய்யும். பிள்ளைகளின் குறிப்பு ஆண்டுதோறும் சேர்ந்து வரும்போது, ஒரு பிரதேசத்தின் நீர்நிலைகளைப் பற்றிய உண்மையான ஆராய்ச்சியாக அது உயரும். விஞ்ஞானம் என்பது வினாத்தாளுக்கு விடையாக மனனம் பண்ணும் பொருளென்று எண்ணியிருந்த மாணாக்கன், தன் அயல்வீட்டுக் கிணற்றைக் காப்பதற்கான கருவி அது என்று அன்றே உணர்வான்.

சைவரும் கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் கலந்து வாழும் மன்னாரில் இத்தகைய சங்கத்துக்கு மற்றுமொரு பயனுண்டு. புனித சவேரியார் பாடசாலைப் பிள்ளையும் சித்திவிநாயகர் இந்துக் கல்லூரிப் பிள்ளையும் அல்-அஸ்ஹர் பாடசாலைப் பிள்ளையும் முருங்கன் மகா வித்தியாலயப் பிள்ளையும் ஒரே கூடாரத்தில் நின்று சிவராத்திரி அடியாருக்கும் மடு யாத்திரிகருக்கும் புண் கட்டுவராயின், காயத்துக்குச் சாதி சமயம் இல்லை என்பதை எவரும் உபதேசிக்க வேண்டியிராது. பதினைந்து வயதில் அவ்வாறு பழகியோர் முப்பது வயதில் ஒரே வைத்தியசாலையின் வைத்தியராகவும் தாதியாகவும் மருந்தாளராகவும் சந்திப்பார்களாயின், அவ்வைத்தியசாலை ஊராரின் நம்பிக்கைக்கு உரியதாகும். தான் கட்டுப்போட்ட முதற் காயம் தன் ஊரவருடையதாக இருந்த மாணாக்கன் பட்டம் பெற்றபின் ஊருக்குத் திரும்புவதற்கு ஒரு காரணம் மிகுதியாக உடையவன்; கிறீன் அவர்கள் மானிப்பாயிற் கண்டதும் இதுவே.

எனவே மன்னார்ப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் ஆலயத் திருப்பணிச் சபையாருக்கும் ஒன்று சொல்ல விரும்புகின்றேன். பெயரளவில் இருக்கும் சுகாதாரக் கழகங்களை ஒரே சங்கமாக இணையுங்கள். அதன் வழிகாட்டிகளாக வைத்தியரை மட்டும் அழையாது, ஒரு மருத்துவமாதையும் ஒரு தாதியையும் ஒரு சுகாதாரப் பரிசோதகரையும் சேர்த்து அழையுங்கள். முன்னோடிப் பரீட்சை நடத்த வரும் மருத்துவபீட மாணாக்கரிடம், வினாத்தாளோடு முதலுதவிப் பயிற்சிக்கும் ஒரு நாளை ஒதுக்கும்படி கேளுங்கள். பாலாவிக் கரையில் ஓலைக் கூடாரத்துக்குப் பதிலாக நிலையான முதலுதவி மண்டபம் ஒன்று அமையட்டும். திருவிழா இல்லாத நாட்களிற் பிள்ளைகள் கூடிப் பயிலவும் கிணற்றுக் குறிப்புக்களைப் பேணவும் அதுவே அவர்களின் இல்லமாகட்டும். இதற்கு வேண்டிய பணம் பெரிதன்று. வேண்டிய பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலேயே இருக்கின்றனர். வரும் மாரி தொடங்குமுன் கிணறுகளிலிருந்து பணியைத் தொடங்கினால், அடுத்த சிவராத்திரிக்குள் முதல் அணி ஆயத்தமாகிவிடும்.